பழைய டூரர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

எங்கள் வீட்டில் இருப்பது 1929-ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் ஏ. நான்கு கதவு, துணிக்கூரை. மற்ற கம்பெனிகள் டூரர் என்று விற்ற இந்த உருவத்துக்கு ஃபோர்டு வைத்த பெயர் ஃபீட்டன். தர்மபுரியில் இரண்டு பெயரும் செல்லாது, "துணி டாப் வண்டி" என்றால்தான் புரியும். கனடாவில் செய்து, வலதுபக்க ஸ்டியரிங்கோடு கப்பலில் வந்த வண்டி. இன்ஜின் எண் சி.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும்.

சேலம் ஜில்லாவில் ஒரு மிட்டாதார் (சின்ன ஜமீன்தார்) குடும்பம் புதிதாக வாங்கியது. போர்க் காலத்துக்கு முன் ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் கைக்குப் போனது. அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் பல வருடம் நின்றது. அங்கிருந்துதான் பெரியப்பா வாங்கினார். அவர் கொஞ்சம் ஓட்டினார், நான் பன்னிரண்டு வருடமாக அவிழ்த்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு கோளாறும் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது, முன்னால் வைத்திருந்த ஒருவர் கை வைத்த இடத்தில்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி இதை முதல் நாளே சொன்னார்: "தம்பி, பார்ட் வாங்க ஓடாதே. அங்க கடைசியா யாரு கை வெச்சாங்கன்னு முதல்ல பாரு." அதனால்தான் இந்த வழிமுறையில் அறிகுறியோடு சேர்த்து, வண்டி கைமாறிய கதையும் வருகிறது. மாடல் ஏ வைத்திருப்பவருக்கு அளவுகள் அப்படியே பொருந்தும். வேறு பழைய வண்டி என்றால் தேடும் முறை பொருந்தும், அளவுகளை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கழற்றினாலும் முதலில் படம், பிறகு தேதி, பிறகு ஸ்பேனர்.

செல்ப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோலா, கரண்டா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். இந்த வண்டியில் பெட்ரோல் பம்பு கிடையாது. டாங்கி டேஷ்போர்டுக்கு முன்னால் உயரத்தில் இருக்கிறது, பெட்ரோல் தானாக இறங்கி வரும். கார்புரேட்டருக்கு அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி ஒரு டப்பாவைப் பிடியுங்கள். தாரையாக விழுந்தால் பெட்ரோல் பக்கம் சரி. நூல் மாதிரி இறங்கினால் வண்டல் கிண்ணத்திலோ டாங்கியின் வாயிலோ அடைப்பு இருக்கிறது.

எங்கள் வண்டியில் அடைத்துக்கொண்டது துரு அல்ல. தோல் உரிந்த மாதிரி பழுப்பு நிறத் துண்டுகள் வந்தன. எப்போதோ ஒருவர் டாங்கியின் ஓட்டையை அடைக்க உள்ளே பூசிய பூச்சு அது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த மாதிரிப் பழைய பூச்சுகளைக் கரைத்து உரித்துவிடுகிறது. பூச்சை முழுதாக எடுத்து, ஓட்டையைப் பித்தளைப் பற்றால் அடைத்த பிறகுதான் தொல்லை நின்றது. நடுவில் யாராவது செம்புக் குழாய்க்குப் பதிலாக ரப்பர் டியூப் மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எத்தனாலில் அது ஊறி உள்பக்கமாக வீங்கும்.

கரண்டு பக்கம்: சிந்திய பெட்ரோலை நன்றாகத் துடைத்து, டப்பாவைத் தூரமாக வைத்த பிறகே தொடங்குங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு விட்டு வெட்டும் முனைகள்) இடைவெளி 0.018 முதல் 0.022 அங்குலம், பிளக் இடைவெளி 0.035 அங்குலம். வெடிக்கும் வரிசை 1, 2, 4, 3. இந்தியாவில் பல நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு 1, 3, 4, 2 என்பதால், பழக்கதோஷத்தில் வரிசையை மாற்றி மாட்டிவிடுவார்கள். மாடல் ஏ-யில் பிளக்குக்கு வயர் இல்லை, பித்தளைப் பட்டைகள்தான். அவை இருக்கும்வரை வரிசை மாறாது. பட்டையை எடுத்துவிட்டு யாராவது வயர் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செல்ப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரண்டு மடங்கு கரண்டு ஓட வேண்டும், அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது விரல்பருமன்கூட இல்லாத கேபிள். மாற்றிய அன்றே செல்ப் உருண்டது.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதானால் ஸ்பார்க் லீவர் (பிளக் வெடிக்கும் நேரத்தை முன்பின் நகர்த்தும் பிடி) முழு ரிடார்டில், அதாவது தாமதப் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். லீவரை மறந்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு போய்விடும்.

நன்றாக ஓடுகிறது, கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது

எங்களை அதிகம் அலைய வைத்தது இதுதான். மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வரும். நின்ற பிறகு என்ன செய்தால் மறுபடி கிளம்புகிறது என்று கவனித்தால் பிரித்துவிடலாம்.

முதலாவது. தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை நின்றோம். ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடும், அப்புறம் நிற்கும். மூன்றாவது முறை பெரியப்பா, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்கி மூடியைத் திருகினார். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போன சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கார்புரேட்டரைத் தொடவே இல்லை, வண்டி கிளம்பிவிட்டது. ஃபோர்டு மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி இருக்கும். எங்கள் வண்டியில் இருந்ததோ வேறு வண்டியிலிருந்து எடுத்த பூட்டு மூடி. கான்ட்ராக்டரிடம் டிரைவராக இருந்தவருடைய மகன் பிற்பாடு சொன்னார், பெட்ரோல் திருட்டுப் போகிறது என்று அப்போது மாட்டியதாம். பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, இறங்குவது நின்றுவிடும். நாங்கள் கார்புரேட்டரைத் துடைத்த நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆக, மூடியைத் திறந்த உடனே கிளம்பினால் கோளாறு மூடியில். மூடியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் துளையிடுங்கள், டாங்கியின் மேல் வைத்து டிரில் போட வேண்டாம்.

இரண்டாவது, பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சர். மூடி திறந்தும் பயனில்லை, இருபது நிமிடம் ஆறவிட்டால் கிளம்புகிறது, சூடானால் மறுபடி நிற்கிறது என்றால் இதுதான். நின்ற உடனே பிளக்கில் ஸ்பார்க் பாருங்கள். பலவீனமாக மஞ்சளாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சோதித்த கண்டென்சர் ஒன்றை எப்போதும் கருவிப் பையில் வையுங்கள், ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஸ்பார்க் லீவரை நகர்த்தும்போது, அல்லது ரோட்டுப் பள்ளத்தில் இறங்கும்போது, இன்ஜின் ஒரு கணம் விக்கும், சில நாள் அடங்கியே விடும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தால் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். இரண்டையும் இணைக்க, சுண்டுவிரல் நீளத்துக்குத் துணி சுற்றிய மெல்லிய வயர் ஒன்று ஓடும். லீவரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் மேல்தட்டு திரும்பும், வயர் வளையும். எங்கள் வயரில் துணி உறை முழுசாகத்தான் இருந்தது. நகத்தால் நெருடியபோது ஓரிடத்தில் மெத்தென்று இருந்தது. உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகளில் இரண்டுதான் ஒட்டிக்கொண்டிருந்தன. லீவர் ஒரு பக்கம் போனால் அவை தொடும், மறுபக்கம் போனால் விடும். சாதாரண வீட்டு வயரை வைத்து ஒட்டினால் சீக்கிரம் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர்தான் போட வேண்டும்.

ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பழைய வண்டி நலமாக இருக்கிறதா என்பதற்கு அந்த ஏற்றமே பரீட்சை.

முதலில், கோளாறு அல்லாத ஒன்றை ஒதுக்கிவிடுவோம். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினால், சூடாகி விரியும்போது அதிகத் தண்ணீர் வழிகுழாய் வழியாகக் கீழே கொட்டும். பிரஷர் மூடி இல்லாத வண்டி இது. தனக்கு வேண்டிய மட்டம் வந்ததும் கொட்டுவது நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டாம்.

அதைத் தாண்டியும் கொதித்தால் ஸ்பார்க் லீவரைப் பாருங்கள். ரிடார்டிலேயே வைத்து ஓட்டினால் பெட்ரோல் தாமதமாக எரிந்து, கூடுதல் சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகும். புதிதாக ஓட்டுகிறவர் ஸ்டார்ட் செய்தபின் லீவரை மறப்பது சகஜம்.

லீவர் சரி என்றால் ரேடியேட்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பூமி இது. அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்களிலும் சட்டையாகப் படியும். சோதிக்கும் முறை எளிது. நல்ல சூட்டில் இன்ஜினை நிறுத்தி, விசிறி நின்ற பிறகு, ரேடியேட்டரின் முன்முகத்தில் கையைக் கிட்டக் கொண்டுபோய் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். திட்டுத் திட்டாகச் சூடு குறையும் இடங்களில் குழாய் அடைத்திருக்கிறது.

எங்கள் ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பட்டறையில் திறந்தபோது, வெள்ளைப் படிவுக்கு மேல் மஞ்சளாக ஓர் அடுக்கு இருந்தது. சமையல் மஞ்சள்தூள்! ஒழுகலை அடைக்க யாரோ ரேடியேட்டரில் கொட்டியிருக்கிறார்கள். பழைய டிரைவர்களின் கைவைத்தியம் அது. வழியில் நின்றவருக்கு வீடு போய்ச் சேர அன்று உதவியிருக்கும், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தூள் ஒழுகாத குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிட்டது. குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம், இப்போது மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுகிறோம். மாடியிலிருந்து வருவதை, முதல் மழையைக் கழித்துவிட்டு, துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்து வைத்தால் வருடம் ஓடிவிடும்.

ரேடியேட்டரைத் திறந்த கையோடு விசிறி இதழ்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். தொண்ணூறு வருட இரும்பு. தண்டோடு சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி விரிசல் தெரிந்தால் அந்த விசிறியை இனி ஓட்டக் கூடாது. இதழ் ஒடிந்தால் ரேடியேட்டரையும் பானெட்டையும் கிழித்துக்கொண்டு போகும்.

இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பிடிக்கவே இல்லை

இதைச் சரிசெய்யாமல் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் கிளம்பவே வேண்டாம். தொப்பூர் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரிகள். இது நான்கு சக்கரத்துக்கும் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக், எண்ணெய் பிரேக் அல்ல.

பெடல் அதிகம் இறங்குகிறது என்றதும் கம்பிகளைக் குறுக்கி இறுக்குவது பெரிய தவறு. எங்கள் வண்டியில் நான்கு கம்பியும் அப்படித்தான் குறுக்கப்பட்டிருந்தன. பெடல் கெட்டியாகத் தெரியும், ஆனால் லீவர்கள் ஓய்வில் நிற்கும் கோணம் கெட்டுவிடுவதால் இழுக்கும் பலம் போய்விடும். தேய்ந்த பின்களையும் அவை நுழையும் துளைகளையும் சரிசெய்து, கம்பியைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து, இறுக்க வேண்டியதைச் சக்கரத்தில் உள்ள அட்ஜஸ்டரில் இறுக்குங்கள்.

பிறகு நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பெடலை ஒரு கட்டையால் படிப்படியாக அழுத்தி நிறுத்துங்கள். முதல் படியில் பின்சக்கரங்கள் லேசாக உரச வேண்டும், முன்சக்கரம் சும்மா சுற்ற வேண்டும். அடுத்த படியில் முன்சக்கரமும் உரசத் தொடங்க வேண்டும். கடைசிப் படியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும், முன்சக்கரம் பலமாகத் தள்ளினால் மட்டும் திரும்ப வேண்டும். இடதும் வலதும் ஒரே அளவு.

பின்பக்க டிரம்முக்குள் எண்ணெய் இருந்தால் கோளாறு பிரேக்கில் இல்லை, ஆக்ஸிலில். இந்த வண்டியின் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் கூழ் மாதிரி கெட்டியான எண்ணெய் சொல்லப்பட்டது. 90 கிரேடு ஊற்றினால் ஆக்ஸில் வழியாக ஊர்ந்து லைனிங்கை நனைத்துவிடும். நாங்கள் 140 போடுகிறோம்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். கியர்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் இந்தக் கியர்பாக்ஸில் கிடையாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் இன்ஜின் வேகத்தை ஏற்றி மாற்ற வேண்டும். பாதி இறக்கத்தில் அதைச் செய்யப்போய்க் கியர் விழவில்லை என்றால் மிஞ்சுவது அந்தக் கம்பிகள் மட்டுமே.

இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்

சூடான இன்ஜினை மிதமான வேகத்தில் வைத்து, மரப்பிடி ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்காக ஹெட்டோடு தொட்டு அந்தச் சிலிண்டரை அடக்குங்கள். எந்தப் பிளக்கை அடக்கும்போது சத்தம் குறைகிறதோ அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் தளர்ந்திருக்கிறது. எதை அடக்கினாலும் மாறாத, அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி சத்தம் என்றால் மெயின் பேரிங்.

கடையில் வாங்கி மாட்டும் ஷெல் பேரிங் இதில் கிடையாது. வெள்ளை மெட்டலை உருக்கி, ராடிலேயே ஊற்றிக் கடைய வேண்டும். மூடிக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய பித்தளை ஷிம்கள் இருக்கும். கொஞ்சம் தேய்ந்தால் ஒரு ஷிம்மை எடுத்து இறுக்கலாம். எங்கள் இன்ஜினில் மூன்றாவது ராடில் எடுக்க ஒரு ஷிம்கூட மிச்சம் இல்லை. எடுக்க வேண்டியதையெல்லாம் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள்.

சிலிண்டர்களும் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தன. அதன் காரணம் பின்பக்கச் சட்டத்தில் (பாடியைத் தாங்கும் இரும்புச் சேஸிஸ்) கிடைத்தது. கம்பெனி போடாத நான்கு துளைகள், சுற்றிலும் கரி படிந்த இரும்பு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, பஸ்ஸும் காரும் பின்னால் அடுப்பு மாட்டிக்கொண்டு அடுப்புக்கரி கேஸில் ஓடின. எங்கள் வண்டியும் அதில் ஒன்று. வடிகட்டியைத் தாண்டி வரும் சாம்பல் இன்ஜினுக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அந்த நான்கு துளைகளை அடைக்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்டியரிங் நடுக்கம், அம்மீட்டர் தலைகீழ்

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முன்சக்கரங்கள் படபடத்தால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), டை ராடு முனைகள், டோ-இன் (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். டோ-இன் 1/16 அங்குலம். 1929 வண்டிக்குச் சக்கரம் 21 அங்குலம். 19 அங்குலம் இருந்தால் 1930, 31 வண்டியிலிருந்து வந்தவை, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

சார்ஜ் ஆகும்போது அம்மீட்டர் எதிர்ப்பக்கம் காட்டினால் யாரோ பேட்டரியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடப்பது.

எண்கள் பொருந்தவில்லை

ஸ்பேனரால் தீராத கோளாறு இது ஒன்றுதான். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எண், இன்ஜினில் ஒரு எண்.

பதறுவதற்கு முன், பழைய பதிவு எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். வண்டி ஒரே திண்ணையில் நின்றிருந்தாலும் அதன் காகிதம் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று ஆபீஸின் கதை. முதலில் சேலத்தில் கேளுங்கள்.

ஆர்.சி. இறந்தவர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31. விற்றவர் உயிரோடு இருந்தால் 29-உம் 30-உம். புத்தகமே தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, நகல் ஆர்.சி.-க்குப் படிவம் 26.

2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 வருடத்தைக் கடந்த, சொந்த உபயோகத்து வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். புதிதாகப் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் இன்ஜின் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இனி எண்கள். இன்ஜின் எண் பிளாக்கின் இடது பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே, இரண்டு முனையிலும் நட்சத்திரத்தோடு அடித்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதே எண்ணை இடது சட்டத்தின் மேல்முகத்திலும் அடித்திருப்பார்கள். பாடி உட்கார்ந்து அதை மறைத்துவிடும். எங்கள் ஆர்.சி.-யில் இருந்தது சட்டத்து எண். பிளாக் வேறு, எப்போதோ மாற்றியது. நாங்கள் வண்டித் தளத்துக்கு அடியில் உள்ள தாங்கு துண்டுகளை மாற்றப் பாடியின் முன்பக்கத்தைத் தூக்கினோம். கதவு தொங்கியதற்கு அந்த நைந்த துண்டுகள்தான் காரணம், கீலை வளைக்கத் தேவைப்படவில்லை. அப்போதுதான் சட்டத்து எண் கண்ணில் பட்டது. கிரீஸைத் துணியால் துடைத்தோம். கம்பி பிரஷ் போடவில்லை. வெள்ளைச் சாக்குக்கட்டியைக் கிடையாக வைத்துத் தேய்த்ததும் நட்சத்திரம் முதலில் தெரிந்தது, அப்புறம் சி.ஏ., அப்புறம் ஒவ்வொரு எண்ணாக. பெரியப்பா ஆர்.சி.-யைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தார், நான் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தேன்.

உங்கள் வண்டியிலும் பாடி எப்போது தூக்கப்படுகிறதோ அன்றே அந்த எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள். காகிதத்தை மேலே வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்து, நோட்டில் ஒட்டுங்கள். பெயிண்டர் சட்டத்துக்கு மேல்பூச்சு கொடுக்க வருவதற்கு முன்.